பெயரிலிருந்த சித்தி

கல்முனைக்குடி,
05.08.2023

அன்புள்ள அர்ஹம் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வீட்டில் எல்லோரும் சுகம். உம்மாவின் முழங்கால் மட்டும் மழை வருமா வராதா என்று தினமும் செய்தி வாசிக்கிறது. ஜப்பானில் தெருவுக்குத் தெரு காக்காக் கூட்டம் என்று படித்தேன். ஏப்ரலில் நீங்கள் போனதிலிருந்து ஒரு காக்கா கூடுதலாக இருப்பதை அவர்கள் கவனித்தார்களா?

வாப்பா குறட்டை விட்டுத் தூங்குவதை ஸ்டிக்கராக்கிக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டது நான்தான் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஓ.எல் பரீட்சை முடியும்வரை என் போன் வாப்பாவின் அலுமாரியில், புருஷன் மௌத்தானவள் மாதிரி வெளியே வராமல், இத்தா இருக்கிறது. அவருடைய போனில் எழுதினால் அனுப்புவதற்கு முன் வாசித்து எழுத்துப்பிழை திருத்துவார். அதனால்தான் தபால். தபால் கந்தோரில் "ஜப்பானுக்கா புள்ள?" என்று இரண்டு தரம் கேட்டார்கள்.

நம் ஊரிலும் ஜப்பானிலும் கணிதம் எப்படிப் படிப்பிக்கிறார்கள் என்று ஒப்பிடுவதுதான் உங்கள் முதுமாணி ஆராய்ச்சி என்றும், எங்கள் வகுப்பில் நான் உங்கள் கண்ணாக இருக்க வேண்டும் என்றும் சொன்னீர்கள். கண் சொல்கிறது, கேளுங்கள்.

எங்கள் கணித ஆசிரியர் உங்கள் கூட்டாளி முக்தார் சேர்தான். எங்களுக்குள் அவர் பெயர் மாறிலி. எத்தனை வருடம் போனாலும் பெறுமதி மாறாது. முதலில் விதி, அடுத்து ஓர் உதாரணம், பிறகு பழைய வினாத்தாள். நாற்பத்திரண்டு பேரும் ஒரே வேகத்தில் பார்த்து எழுத வேண்டும். ஏன் என்று கேட்டால், "ஏனெண்டு பேப்பர்ல கேக்க மாட்டான், எவ்வளவெண்டுதான் கேப்பான்" என்பார். கூட்டத் தெரியாதவர்கள் வகுப்பைக் கூட்ட வேண்டும், பெருக்கத் தெரியாதவர்கள் பெருக்க வேண்டும். சேரிடம் விளக்குமாறு கேட்டால் விளக்குமாறுதான் கிடைக்கும். கழிக்கத் தெரியாதவர்களைப் பற்றிக் கேட்காதீர்கள்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். காலை ஆறரைக்கு வந்து ஐந்து சதம் வாங்காமல் மேலதிக வகுப்பு எடுப்பவரும் அவர்தான். கல்வி வலயத்தில் கணிதத்துக்கு எங்கள் பாடசாலைதான் முதலிடம்.

என் பக்கத்துக் கதிரை ஆதம்பாவா சித்தி லைலா. வாப்பா மௌத்தாகி ஐந்து வருடம். உம்மா குவைத்தில் வீட்டுவேலை. தம்பி தங்கச்சி மூன்று பேருக்கும் சமைத்து, அவர்களைக் குளிப்பாட்டி, அனுப்பிவிட்டுத்தான் இவள் வருவாள். உம்மாவின் ஒப்பந்தம் வருகிற ஜூனில் முடிகிறது. இவள் கணிதத்தில் சித்தியடைந்தால் உம்மா வந்து பிள்ளைகளைப் பார்ப்பார், இவள் உயர்தரம் படிக்கலாம். கணிதம் போனால் உம்மா இன்னும் இரண்டு வருடம் அங்கே, இவள் வீட்டோடு. உம்மாவும் மகளும் போனில் பேசி எடுத்த முடிவு.

போன தவணை அவளுக்குப் பதினெட்டுப் புள்ளி. பெறுபேற்றுத் தாளில் தேறினவர்களுக்குச் 'சித்தி' என்றுதானே போடுவார்கள். வகுப்பில் யாரோ ஒருத்தி, "பேர்லதான் சித்தி, பேப்பர்ல இல்ல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், லைலாவும்தான். சேர் சிரித்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தோம். எழுந்துபோய், சுவரில் ஒட்டியிருந்த புள்ளிப் பட்டியலில் அவள் பெயரிலிருந்த 'சித்தி'யைச் சிவப்புப் பேனையால் வெட்டினார். "சித்தியாகிட்டு வா, சித்தியத் திருப்பித் தாறன்" என்றார். அன்றிலிருந்து அவள் வெறும் லைலா.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சை மீன் சாப்பிட்டால் உம்மாவிடம் சொல்லமாட்டேன், என்னிடம் சொல்லுங்கள்.

போனில்லாத் தங்கச்சி,
நஸ்லின்

*

ஹிரோஷிமா,
09.09.2023

அன்புத் தங்கச்சி நஸ்லினுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதம் பத்தொன்பது நாள் பயணப்பட்டு வந்து சேர்ந்தது. நான் நலம். ஹலால் இறைச்சிக்குத்தான் ரயிலேறிப் போக வேண்டியிருக்கிறது. உம்மாவை முழங்காலுக்கு டொக்டரிடம் காட்டு. காக்காக் கணக்கெடுப்பில் என்னை இன்னும் சேர்க்கவில்லை.

இந்த வாரம் நான் பார்த்த பாடத்தைச் சொல்கிறேன். ஏழாம் ஆண்டு வகுப்பு, ஐம்பது நிமிடம், ஒரேயொரு கணக்கு. நெருப்புக்குச்சிகளால் ஒரு சதுரம், அதை ஒட்டி இன்னொன்று, அதை ஒட்டி இன்னொன்று. ஐந்து சதுரத்துக்கு எத்தனை குச்சி? கென்தா என்ற பையன் இருபது என்றான். மொரி டீச்சர் "பிழை" என்று சொல்லவில்லை. இருபதைக் கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் கென்தா என்று பெயர் எழுதிய காந்த வில்லையை ஒட்டினார். பிறகு மற்றவர்களிடம், "கென்தா எப்படி நினைத்திருப்பான்?" என்று கேட்டார். மூன்று பேர் எழுந்து அவனுக்காக விளக்கினார்கள். நாலாவதாகக் கென்தாவே எழுந்து தன் வழியைத் திருத்தினான். கொப்பியில் அழிறப்பர் பாவிக்க இங்கே விடுவதில்லை. பிழையும் கொப்பியில் இருக்க வேண்டும், அது யாருடையது என்றும் தெரிய வேண்டும்.

நானும் ஏழு வருடம் கல்முனையில் கணிதம் படிப்பித்தவன். ஒரு கணக்கில் ஐம்பது நிமிடம் நின்றதாக நினைவில்லை.

நீ எழுதுவது பொன்னான தரவு. ஆனால் நீ பார்ப்பவள் மட்டும், தலையிடக் கூடாது. அந்தச் சித்திப் பகிடியை வாசித்து ரயிலில் தனியாகச் சிரித்தேன். கெட்டிக்காரி யாரோ. யார் அது?

துஆவுடன்,
அர்ஹம்

*

கல்முனைக்குடி,
10.10.2023

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகம். டொக்டர் உம்மாவை நடக்கச் சொன்னார். உம்மா டொக்டரிடமிருந்து வீட்டுக்கு நடந்து வந்தார், அதோடு சரி.

தலையிட வேண்டாம் என்றீர்கள். தலையிடவில்லை, ஈர்க்குக் குச்சியைத்தான் இட்டேன். இடைவேளையில் லைலாவை மாமரத்தடியில் இருத்தி ஈர்க்கை முறித்து ஐந்து சதுரம் கேட்டேன். அவளும் கென்தா மாதிரியே இருபது என்றாள். வாய்வரை வந்த பகிடியை விழுங்கிவிட்டு, "எப்பிடிகா நினச்சாய்?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு ஊட்டுக்கும் நாலு சுவர்."

"சரி."

குச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இல்லகா. பக்கத்து ஊட்டுக்கும் எனக்கும் ஒரு சுவர்தான். அதுக்கு ரெண்டு தரம் கல்லு வாங்கிட்டன்." நாலு பொதுச்சுவரைக் கழித்துப் பதினாறு என்றாள். நூறு வீட்டுக்கு நானூறு, அதில் தொண்ணூற்றொன்பது பொதுச்சுவர், முந்நூற்றொன்று. பேனை தொடவில்லை. எனக்கு இந்த வழி தோன்றியிருக்காது. பெருமையில் எனக்கு ஒரு வடை வாங்கித் தந்தாள். அதிலும் பாதி அவளுடையது.

அடுத்த நாள் வகுப்பில் கையை உயர்த்தி, "சேர், லைலாட பிழையான விடையயும் பலகையில எழுதுவமா?" என்றேன்.

"பிழையெல்லாம் எழுதினா பலகை காணா."

"ஜப்பான்ல எழுதுறாங்களாம் சேர்."

"அப்ப ஜப்பானுக்குப் போ. போறதுக்கு முதல் கதிரைக்கு மேல ஏறி நில்லு."

ஒரு பாடம் முழுக்க நின்றேன். அந்த உயரத்தில் ஜன்னலுக்கு வெளியே கடல் தெரிகிறது. வகுப்பில் வேறு யாருக்கும் இந்த வசதி இல்லை.

இறங்கியதும் சேர் ஒரு வேலை தந்தார். என் கையெழுத்து அழகாம். வகுப்புக்குப் புதிய பெயர்ப்பட்டியல், ஒன்று சுவருக்கு, ஒன்று அதிபரின் கந்தோர்க் கோப்புக்கு. லைலாவின் பெயர் வந்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். "வெட்டினது வெட்டினதுதான்" என்றார். 'ஆதம்பாவா லைலா' என்று எழுதினேன். பக்கத்தில் ஒரு சின்னப் பூவும் போட்டேன். சேர் அதற்கும் சிரித்தார்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு இடமில்லை, தாள் முடிந்துவிட்டது.

உயரத்திலிருந்து இறங்கிய,
நஸ்லின்

*

ஹிரோஷிமா,
25.11.2023

அன்புத் தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். பதில் தாமதம், மன்னிக்க வேண்டும். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. உம்மா வாங்கித் தந்த கம்பளியை இரண்டாக மடித்துப் போர்த்திக்கொள்கிறேன்.

லைலாவின் பொதுச்சுவரை என் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். அவள் செய்த கணக்குத் தாள்கள் எனக்கு வேண்டும். போட்டோப் பிரதி வேண்டாம், பென்சில் அழுத்தம் தெரியும்படி அசல் தாள்களையே அனுப்பு. பெப்ரவரியில் ஒரு மாநாட்டில் காட்டப் போகிறேன்.

இங்குள்ளவர்கள் பிழையே செய்யாத மலக்குகள் என்று நினைத்துவிடாதே. மொரி டீச்சரின் வகுப்பில் கடைசி வரிசையில் ஒரு கதிரை மே மாதத்திலிருந்து காலி. அந்தப் பிள்ளை பாடசாலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். யாரும் அடிக்கவில்லை, யாரும் ஏசவில்லை. காரணம் கேட்டேன். எல்லோரும் தலை குனிந்தார்கள். இங்கும் பயம் இருக்கிறது, அது சத்தம் போடுவதில்லை.

முக்தாரோடு வாக்குவாதப்படாதே. வகுப்பைப் பற்றி எழுத எனக்கு அனுமதிக் கையெழுத்துத் தந்தவன் அவன். அவன் மனம் மாறினால் என் ஒரு வருட வேலை போய்விடும்.

துஆவுடன்,
அர்ஹம்

*

கல்முனைக்குடி,
14.01.2024

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வீட்டில் சுகம். பத்து நாளாக மழை, வகுப்புக்குள் கணுக்கால் தண்ணீர். பாடசாலையைப் பூட்டியிருக்கிறார்கள். லைலாவின் தாள்கள் ஒன்பதையும் இதோடு அனுப்புகிறேன். தரும்போது, "திருப்பித் தருவாராகா? இதப் பாத்துத்தான் படிக்கன்" என்று கேட்டாள். தருவார் என்று நான் சொல்லிவிட்டேன்.

தவணைப் பரீட்சையில் அவளுக்கு இருபத்தொன்பது. பதினெட்டிலிருந்து இருபத்தொன்பது. சேர் புள்ளிகளைச் சத்தமாக வாசித்தார். "லைலா, இருபத்தொன்பது. சித்திக்கு இன்னும் ஆறு குறையுது." வகுப்பு சிரித்தது. லைலா சிரிக்கவில்லை. மேசையில் நகத்தால் சதுரம் கீறிக்கொண்டிருந்தாள். இப்போது சின்ன வகுப்புப் பிள்ளைகளும் அவளை 'சித்தி இல்லாத லைலா' என்று வாசலில் நின்று கூப்பிடுகிறார்கள். அவளுடைய தம்பியின் வகுப்பிலும் தெரியும். குவைத்திலிருக்கும் உம்மா, "ஏன்டி உன்னய அப்பிடிச் சொல்றாங்களாம்?" என்று போனில் கேட்டிருக்கிறார். இவள், "அது ஒரு பகிடி உம்மா" என்றாளாம்.

யார் அந்தக் கெட்டிக்காரி என்று கேட்டீர்கள். நான்தான். போன வருடம் ஜூலையில், இரண்டாம் பாடவேளையில், இஸ்மாயில் வீட்டு ஆடு வகுப்புக்குள் வந்து போன கையோடு நான் சொன்னேன். ஆட்டுக்குச் சிரித்த சிரிப்பு அடங்கவில்லை, இன்னும் கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்று சொன்னேன். ஐந்து நிமிடத்துக்கு மேல் அது உயிரோடு இருக்கும் என்று நினைக்கவில்லை.

லைலாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீ சொன்னது ஒரு தரம்கா. சேர்தான் தினம் சொல்றார்" என்றாள். சேரிடம் போய் நிறுத்தச் சொன்னேன். "ரோசம் வந்தாத்தான் புள்ளி வரும். பார், பதினொண்டு கூடியிரிக்கி" என்றார். அது ரோசத்தால் வந்த பதினொன்று இல்லை, மாமரத்தடியில் வந்தது. அதைச் சொன்னால் உங்கள் அனுமதிக் கையெழுத்துக்கு என்ன ஆகுமோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

காக்கா, நீங்கள் சேருக்கு ஒரு வரி எழுத வேண்டும். அவளை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று ஒரே வரி. கல்வியியற் கல்லூரியில் ஒரே அறையில் இருந்தவர்கள் நீங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்.

பதிலை எதிர்பார்க்கும்,
நஸ்லின்

*

கல்முனைக்குடி,
25.02.2024

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமா? ஜனவரிக் கடிதம் கிடைத்ததா?

மாதிரிப் பரீட்சையில் லைலாவுக்கு நாற்பத்திரண்டு. தேறுவதற்கு முப்பத்தைந்து போதும். தாளை எடுத்துக்கொண்டு சேரின் மேசைக்குப் போனாள். "சேர், பேரத் தருவன் எண்டீங்க." சேர் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "நஸ்லினுக்குப் பக்கத்துல இருந்து எழுதினதெல்லாம் கணக்குல வராது. ஓ.எல்ல எடுத்துக் காட்டு" என்றார்.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை.

அந்த ஒரு வரியை எழுதினீர்களா?

நஸ்லின்

*

ஹிரோஷிமா,
20.03.2024

அன்புத் தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். ரமழான் முபாரக். இங்கே நோன்பு திறக்க நானும் ஓர் இந்தோனேசிய நண்பரும் மட்டும். பேரீச்சம்பழம் இருக்கிறது, கஞ்சிதான் இல்லை. உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் சலாம்.

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. மாநாட்டு வேலையில் மூச்சுவிட நேரமில்லை. மாநாடு நன்றாக நடந்தது. லைலாவின் பொதுச்சுவர்த் தாளைப் பெரிய திரையில் போட்டேன். பெயர் குறிப்பிடாமல், 'இலங்கை மாணவி ஒருத்தியின் சிந்தனை' என்றுதான் போட்டேன். அறுபது பேரளவில் இருந்தார்கள். கைதட்டினார்கள். ஒரு வயதான ஆசிரியர் வந்து, "இந்தப் பிள்ளை மிக நல்ல ஆசிரியரிடம் படிக்கிறாள்" என்றார். உன்னை நினைத்துக்கொண்டேன்.

நாற்பத்திரண்டு என்பது மகிழ்ச்சியான செய்தி. தேறிவிடுவாள், இன்ஷா அல்லாஹ். அடுத்த வருடம் நான் ஊருக்கு வந்ததும் முக்தாரோடு இதையெல்லாம் நேரில் பேசுகிறேன். கடிதத்தில் எழுதினால் வேறு மாதிரி விளங்கும்.

உன் படிப்பைக் கவனி.

அர்ஹம்

*

கல்முனைக்குடி,
19.05.2024

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா, வாப்பா சுகம். பரீட்சை முடிந்துவிட்டது. போன் திரும்பக் கிடைத்தும் கடிதமாகவே எழுதுகிறேன். போனில் இதைச் சொல்லத் தொடங்கினால் பாதியில் வெட்டிவிடுவேன்.

ஏப்ரல் கடைசியில் அனுமதி அட்டைகள் வந்தன. லைலாவின் அட்டையில் 'ஆதம்பாவா லைலா'. அடையாள அட்டையில் 'ஆதம்பாவா சித்தி லைலா'. பரீட்சை விண்ணப்பத்துக்குக் கந்தோரில் பெயர்களை எடுத்து அடித்தது கோப்பிலிருந்த பட்டியலைப் பார்த்து. யாரும் எங்களுக்கு அதைக் காட்டவில்லை. வாப்பாவின் போனிலிருந்து உங்களுக்கு இரண்டு தரம் எடுத்தேன். 'கூட்டத்தில் இருக்கிறேன், பிறகு எடுக்கிறேன்' என்று செய்தி போட்டீர்கள். சேர், "சின்ன விசயம், மண்டபத்துல ஆரும் கேக்க மாட்டாங்க" என்றார்.

முதல் நாளே கேட்டார்கள். மேற்பார்வையாளர் இரண்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவரும் கடுமையான மனிதர் இல்லை. இப்போதைக்கு எழுது, கணிதப் பாடத்துக்கு முன் இந்தப் பிழை எப்படி வந்தது என்று அதிபரின் கடிதம் கொண்டு வா என்றார். கொண்டு வராவிட்டால் அந்தப் பாடத்திலிருந்து உள்ளே விட முடியாது என்றார்.

கணிதத்துக்கு முதல் நாள் பின்னேரம் அதிபரின் அறைக்குப் போனோம். நானும் கூடப் போனேன். கடிதத்தைச் சேர் தயாரித்து வைத்திருந்தார். 'பெயர்ப்பட்டியல் தயாரிக்கும்போது மாணவி தன் பெயரைத் தானே தவறாக எழுதியமையால் இது நேர்ந்தது.' கீழே லைலாவின் கையெழுத்துக்கு ஒரு கோடு, அதிபருக்கு ஒரு கோடு. சேருக்குக் கோடு இல்லை.

லைலா இரண்டு தரம் வாசித்தாள். "இது நான் எழுதல்ல சேர்."

"ஆர் எழுதினா என்ன. வெச்சிட்டுப் போய் நாளைக்குக் கணக்கச் செய்."

"என்ட பிழைக்கெல்லாம் இவ்வளவு நாளும் எழும்பி நிண்டன் சேர். இது என்ட பிழை இல்ல."

அதிபர் கோப்பைத் திறந்து பட்டியலை எடுத்தார். "அப்ப இது ஆர்ட எழுத்து?" என்று கேட்டார்.

யாரும் பேசவில்லை.

"பிடிவாதம் பிடிக்காத புள்ள. ஒரு கையெழுத்து. கெதியா வை" என்றார். அதிபருக்கு அம்பாறையில் கூட்டம், அவசரம். வெளியே வந்து நானும் கெஞ்சினேன். "கையெழுத்துத்தானேகா. உம்மாவ நினச்சிப் பாரு." லைலா செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாள். "அத வெச்சா, பேர வெட்டினதும் நான்தான் எண்டு ஆயிரும். உம்மா கேட்டா நான் என்னண்டு சொல்ற?"

மறுநாள் என் மேசைக்கு இரண்டு மேசை முன்னால் அவளுடைய சுட்டெண் ஒட்டிய மேசை இருந்தது. கதிரையில் ஆள் இல்லை. மேற்பார்வையாளர் அரைமணி நேரம் பார்த்தார். பிறகு அந்த வினாத்தாளை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

குவைத்தில் உம்மா இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நஸ்லின்

*

ஹிரோஷிமா,
12.06.2024

அன்புத் தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதத்தை மூன்று நாள் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன்.

ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். ஜனவரிக் கடிதம் கிடைத்த அன்றே முக்தாருக்கு எழுதினேன். ஒரு வரி இல்லை, ஒரு பக்கம். அனுப்பவில்லை. மாநாடு முடியட்டும் என்று மேசை லாச்சிக்குள் வைத்தேன். மாநாடு முடிந்தது, அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது. உறையில் முத்திரைகூட ஒட்டியிருக்கிறேன்.

நானும் படிப்பித்த காலத்தில் பகிடி சொல்லித்தான் வகுப்பை என் பக்கம் வைத்திருந்தேன். முக்தார் சிரித்தான் என்று நீ எழுதியபோது எனக்கு அந்தச் சிரிப்பு விளங்கியது. நானும் ரயிலில் அதே சிரிப்பைத்தான் சிரித்தேன். யார் யாரைப் பார்த்து அப்படிச் சிரித்திருக்கிறேன் என்று எண்ணத் தொடங்கினேன். பல பெயர்கள் நினைவில்லை.

இப்போது ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. இது உலகுக்குத் தெரிய வேண்டிய விஷயம். என் ஆய்வில் ஓர் அத்தியாயமாக எழுத விரும்புகிறேன். பல்கலைக்கழகம் லைலாவின் சம்மதத்தைக் கேட்கிறது. அவள் சங்கடப்படத் தேவையில்லை, பெயரை மாற்றிப் போடுவேன். உண்மைப் பெயர் எங்கும் வராது. நீ அவளிடம் கேட்டு எழுது.

இன்னொன்று. அந்தப் பட்டியல் யாருடைய எழுத்து என்று அதிபர் கேட்டபோது யாரும் பேசவில்லை என்று எழுதியிருக்கிறாய். உன் ஒக்டோபர்க் கடிதம் என்னிடம் இருக்கிறது.

அர்ஹம்

*

கல்முனைக்குடி,
07.07.2024

காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகம்.

அது என் எழுத்து. அதிபர் என்னைத்தான் பார்த்துக் கேட்டார். "நஸ்லின், நீ அந்த வகுப்புத்தானே, உனக்குத் தெரியாதா?" என்றார். சேரும் என்னைப் பார்த்தார். மறுநாள் எனக்கும் பரீட்சை. "தெரியா சேர்" என்றேன். லைலா என் பக்கம் திரும்பவேயில்லை. பட்டியலில் நான் போட்ட பூ அப்படியே இருந்தது.

போன கிழமை அதிபரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அண்டைக்கே சொல்லியிருந்தா ரெண்டு நிமிச வேலை புள்ள. உன்ட கையெழுத்து ஒண்டு, என்ட கையெழுத்து ஒண்டு" என்றார். ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சம்மதம் கேட்க லைலாவின் வீட்டுக்குப் போனேன். பரீட்சைக்குப் பிறகு அன்றுதான் போகிறேன். தம்பியின் பாடசாலைச் சட்டைகளுக்கு நீலம் போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை. பட்டியலைப் பற்றி முதலில் சொன்னேன்.

"உன்ட எழுத்து எனக்குத் தெரியாதாகா? ஆறு வருசமா பக்கத்துல இருக்கன்."

"அப்ப ஏன் நீ சொல்லல்ல?"

"அது உன்ட வாய்."

பிறகு உங்கள் அத்தியாயத்தைப் பற்றிச் சொன்னேன். சட்டையைப் பிழிந்து உதறிக் கொடியில் போட்டுவிட்டுக் கேட்டாள்.

"என்ட கணக்குக் கடுதாசிய ஜப்பான்ல எத்தின பேர் பாத்தாங்க?"

"அறுவது பேரளவுல. கை தட்டினாங்களாம்."

"அது ஆர் செஞ்ச கணக்கெண்டு சொன்னாரா உன்ட காக்கா?"

"பேர் போடல்லயாம்."

"அப்ப அங்கயும் இல்ல" என்றாள். அடுத்த சட்டையை எடுத்தாள். "இப்ப வேற பேர் வைக்கப் போறாராக்கும். வேணாம்கா. அவர்ட கதைய அவர் எழுதட்டும். நீ உன்டத எழுது. நான் என்ட கடுதாசியத்தான் கேட்டன், ஒம்பது இரிக்கி. தருவாரெண்டு நீதான் சொன்னாய்."

எதற்கு என்று கேட்டேன். டிசம்பரில் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பிக்கலாமா என்று பிரதேச செயலகத்தில் விசாரித்தாளாம். பிள்ளைகளைப் பார்க்க ஆள் கிடைத்தால் எழுதுவாளாம், கிடைக்காவிட்டால் இல்லையாம். எனக்கு உதவ விருப்பம் என்றேன். வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆகவே சம்மதம் இல்லை. ஒன்பது தாள்களையும் திருப்பி அனுப்புங்கள். எனக்கு வேண்டாம், அவளுக்கே பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதிவுத் தபாலை அடையாள அட்டை பார்த்துத்தான் கொடுப்பார்கள். பெயரில் ஓர் எழுத்துக் குறைந்தாலும் திரும்பி ஜப்பானுக்கே வந்துவிடும். உறையின்மேல் இப்படி எழுதுங்கள். நான் மறுபடி போய் அவளிடம் அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்து எழுதியிருக்கிறேன்.

ஆதம்பாவா சித்தி லைலா,
கடற்கரைப் பள்ளி வீதி,
கல்முனைக்குடி.

நஸ்லின்